சமாதான சபையின் முதல் ஞாயிறு

முதல் மணி அடித்தபோது நேசபாய் பின்வாசல் படியில் உட்கார்ந்து கைப்பிடி அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். பெரிய கோவில் மணி. நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் அடித்தாலும், காற்று இந்தப் பக்கமாக இருந்தால் அடுப்படி வரைக்கும் வந்துவிடும். முறத்தை ஒரு தட்டுத் தட்டியதும் வண்டுகள் நாலாபக்கமும் ஓடின. எள்ளைவிடச் சின்ன வண்டுகள். ஒன்று அவள் பெருவிரலில் ஏறி நின்று, எந்தப் பக்கம் போவது என்று யோசித்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் முறத்தைத் தொடக்கூடாதுதான், ஆனால் விடிந்ததும் டின்னைத் திறந்து கையை விட்டவளுக்கு விரலெல்லாம் ஊர்ந்ததும் அப்படியே மூடிவைக்க மனசு வரவில்லை. இது வீட்டு அரிசி இல்லை, ஆண்டவருடைய அரிசி. உலைக்கு அளந்த பிறகு அதிலிருந்து ஒரு கைப்பிடியைத் திரும்ப எடுத்துத் தனி டின்னில் போட்டுவிட வேண்டும், மாதத்தின் முதல் ஞாயிறு கோவிலுக்குக் கொண்டுபோய் வாசலோரத்து அண்டாவில் கொட்ட வேண்டும், அங்கிருந்து விடுதிப் பிள்ளைகளுக்குப் போகும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அதை விட்டதில்லை. வீட்டுக்காரர் அருமைநாயகம் இறந்தபோது சில நாள் உலையே வைக்கவில்லை, அந்த நாட்களுக்கும் சேர்த்துப் பிறகு அள்ளிப் போட்டாள். போடுவதை இப்போதும் விடவில்லை. கொண்டுபோய்க் கொடுப்பதைத்தான் விட்டுவிட்டாள். பாட்டு அறையின் பூட்டை மாற்றின மாதத்திலிருந்து டின் நிறைந்துகொண்டே வந்தது, அது நிறைந்ததும் ஒரு பிளாஸ்டிக் வாளி, வாளிக்கு மேலே பழைய செய்தித்தாள், அதற்கு மேலே மூடிக்குப் பதிலாக ஒரு தட்டு. எங்கே கொடுக்க என்று தெரியாத அரிசி. வேப்பிலை போட்டு வைத்திருந்தால் வண்டு விழுந்திருக்காது, வீட்டு அரிசிக்குப் போட்டிருக்கிறாள், இதற்குப் போடத் தோன்றவில்லை, இந்த வாரம் போய்விடும் அடுத்த வாரம் போய்விடும் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மகன் ஜாஸ்பர் விடிவதற்கு முன்னாலேயே கிளம்பிவிட்டான், மருமகள் ஷைனியும் கூடவே. அவனோடு சேர்ந்து பெரிய கோவிலை விட்டு வந்த வில்சனின் டைல்ஸ் குடோனில்தான் புதுச் சபை. வியாபாரம் நொடித்துப் பூட்டிக் கிடந்த குடோனைக் கழுவிவிட்டு வெள்ளையடித்திருக்கிறார்கள், வாடகை நாற்காலி வந்திருக்கிறது, சுவரில் துணி கட்ட வேண்டும், மைக் பார்க்க வேண்டும் என்று நேற்றெல்லாம் இதே பேச்சு. கிளம்பும்போது அவள் முன்னால் வந்து நின்றான். நாற்பதைத் தொடப்போகிறவன், புதுச் சட்டையின் மடிப்புக்கூடக் கலையவில்லை. "அம்மா, வந்துருவீங்கல்ல?" என்றான். "முழங்காலைப் பாத்துக்கிட்டு வாறேன்பா" என்றாள். "நான் முழங்காலைக் கேக்கலம்மா, ஒங்களக் கேக்கேன்." காப்பியைக் குடிச்சிட்டுப் போ என்றாள், குடித்துவிட்டுப் போனான். முழங்கால் வலி பொய்யில்லை, ஆனால் அவள் சொல்லிக்கொண்டு திரிகிற அளவுக்கு மெய்யுமில்லை. பெரிய கோவிலில் ஏன் காணோம் என்று கேட்டவர்களுக்கு முழங்கால் என்றாள், வில்சன் வீட்டில் வாரந்தோறும் நடந்த ஜெபக் கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கும் முழங்கால் என்றாள். இரண்டு பக்கத்திலிருந்தும் அவளுக்குத் தைலம் வந்தது. பெரிய கோவில் செயலர் பிரகாசம் அண்ணாச்சியின் வீட்டம்மா ஒரு பாட்டில் கொடுத்துவிட்டாள், எதிர்வீட்டு ரூபாவதி ஒரு பாட்டில் கொண்டுவந்தாள். இரண்டும் ஜன்னல் மேட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. ஆண்டவரே, ஒரு பொய்யை வைத்து இத்தனை நாள் ஓட்டிவிட்டேனே என்று இரண்டையும் பார்க்கும்போதெல்லாம் நினைப்பாள், பிறகு எதிலாவது கொஞ்சம் எடுத்துத் தேய்த்துக்கொள்வாள், பொய்யைக் கொஞ்சமாவது மெய்யாக்குகிற மாதிரி.

பூட்டு. எல்லாம் அந்தப் பூட்டில்தான் ஆரம்பம் என்று ஜாஸ்பர் சொல்வான், அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. மீசை முளைக்காத வயசிலிருந்து அவன் பெரிய கோவில் பாடகர் குழுவில் இருந்தவன், பிறகு குழுவை நடத்தினவன். கமிட்டித் தேர்தலில் பிரகாசம் அண்ணாச்சி பக்கம் ஜெயித்தது, ஜாஸ்பர் வேறு பக்கம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பயிற்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனவன் பாட்டு அறையில் புதுப் பூட்டுத் தொங்குவதைப் பார்த்தான். அண்ணாச்சியின் தங்கை மகன் ஸ்டீபன்தான் இனிமேல் குழுத்தலைவர் என்று மணியடிக்கிற கோவில்குட்டி வந்து சொன்னார். சாவி வைத்திருந்தவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைத்தான் அவளாலும் தாங்க முடியவில்லை, ஒரு வார்த்தை. வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசாமல் சாப்பிட்டான், சாப்பிட்ட தட்டை அவனே கழுவி வைத்தான், அதைப் பார்த்துத்தான் ஏதோ நடந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அதற்கு முந்தின கிறிஸ்துமஸில் இதே ஸ்டீபனை, சுதி பிசகினதற்காக, சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது "நீ வாயை மட்டும் அசை, போதும்" என்று சொன்னவன் யார். ஜனங்கள் சிரித்தார்கள். ஸ்டீபனின் அம்மா சிரிக்கவில்லை, முன்னால் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைத்தான் நேசபாய் பார்த்தாள். பார்த்தவள் வீட்டுக்கு வந்து மகனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, கேக் வெட்டுகிற அவசரம், வந்தவர்களைக் கவனிக்கிற அவசரம். முறத்தின் விளிம்பில் ஒரு வண்டு தலைகீழாகத் தொங்கிற்று, சுண்டிவிட்டாள். இப்போது அவர்கள் புதுச் சபை ஆரம்பிக்கிறார்கள், அதற்குச் சமாதான சபை என்று பேர் வைத்திருக்கிறார்கள். கோபத்தில் கட்டின வீட்டில் ஆண்டவர் குடியிருப்பாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. பெரிய கோவிலிலும் கோபம் இருக்கிறதே, அங்கே இருக்கிறாரே, அப்படியென்றால் இங்கேயும் இருப்பாராயிருக்கும். எட்டாங்கிளாஸ் படித்தவளுக்கு இதற்குமேல் ஓடவில்லை, ஓடின இடத்திலேயே திரும்பத் திரும்ப ஓடுகிறது.

உள்ளே போன் அடித்தது. மகள் ஹெப்சி. அவள் வாழ்க்கைப்பட்டிருப்பது பிரகாசம் அண்ணாச்சியின் மகனுக்கு, அதனால் இந்தப் பூட்டு ஒரு வீட்டின் நடுவிலும் தொங்குகிறது. "என்னம்மா, கெளம்பிட்டீங்களா?" "எங்க?" "எங்கயா? என்னையக் கேக்கீங்க! சண்டைய போட்டுட்டுப் போயி சமாதானம்னு போர்டு மாட்டுதானாம் ஒங்க மவன், ஊரே சிரிக்கி." "அவன் ஒனக்கு அண்ணன்டி." "அண்ணன்தான், யாரு இல்லேன்னா? குடோன்ல சாமி கும்பிடப் போற அண்ணன்." அவளுக்குப் பின்னால் கோவிலுக்குக் கிளம்புகிற வீட்டின் சத்தம் கேட்டது, யாரோ இஸ்திரிப்பெட்டியைக் கேட்டார்கள். "அம்மா, மாமா ஒண்ணும் சொல்லல, அவுகளைத் தப்பா நெனைக்காதீங்க. ஆனா கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்க. வேற சபைக்குப் போயிட்டா இங்க பேரை எடுத்துருவாங்க. பேரை எடுத்துட்டா தோட்டத்துல எடம் கெடையாது. அப்பா பக்கத்துல... நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன், பொறவு யாரும் எனக்குச் சொல்லலியேன்னு சொல்லாதீங்க." வைத்துவிட்டாள். அழுதிருப்பாள். ஹெப்சி கோபத்தில் பேச ஆரம்பித்தால் அழுகையில்தான் முடிப்பாள், அழுகிற சத்தம் கேட்பதற்குள் போனை வைத்துவிடுவாள்.

தோட்டம் என்றால் கல்லறைத் தோட்டம். அருமைநாயகம் மேற்குச் சுவரோரம் பூவரச மரத்தடியில் கிடக்கிறார், அவர் வலப்பக்கம் ஒரு ஆள் நீளத்துக்குப் புல் முளைத்த தரை சும்மா இருக்கிறது. அவரை வைத்த அன்றைக்கு மழை. குழிக்குள்ளே தண்ணீர் ஊற ஊற வாளியால் இறைத்துப் போட்டுக்கொண்டிருந்தது பிரகாசம் அண்ணாச்சிதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கியே நின்றார், செயலர் என்று பார்க்கவில்லை. எல்லாம் முடிந்து சேறும் சகதியுமாக அவள் பக்கத்தில் வந்து, "மைனி, அந்த எடம் ஒங்களுக்கு இருக்கு, கவலப்படாதீங்க" என்றார். புருஷன் செத்த வீட்டில் வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அடிக்க வந்திருப்பார்கள், அவளுக்கு மட்டும் அது ஆறுதலாக இருந்தது, அன்றைக்குக் காதில் ஏறின வார்த்தை அது ஒன்றுதான். அந்த மனுஷன்தான் பூட்டையும் மாற்றினார். இரண்டும் ஒரே கைதான். நேசபாய்க்குச் சாவதில் பெரிய பயம் கிடையாது, ஆண்டவர் அறிவார். எங்கே கிடப்போம் என்பதுதான். ஜாஸ்பரிடம் ஒருநாள் இதைக் கேட்டபோது, "எடம் வாங்கிருவோம்மா, பைபாஸ் பக்கம் ஒரு துண்டு பாத்து வச்சிருக்கோம்" என்றான், வீட்டுமனை சொல்கிற மாதிரி. அந்தத் துண்டை அவளும் பஸ்ஸில் போகும்போது பார்த்தாள். உடைமரமும் பாட்டில் சில்லும். ஒரு கல்லறைகூட இல்லாத கல்லறைத் தோட்டம். புதுச் சபையில் எல்லாம் சின்ன வயசுக்காரர்கள், வயசு வரிசைப்படி பார்த்தால் அவள்தான் முதலாவது. பைபாஸ் லாரிச் சத்தத்தில் முதல் ஆளாகப் போய்த் தனியாகக் கிடக்க வேண்டும், பேச்சுத்துணைக்கு ஒருத்தர் இல்லாமல். செத்தவர்கள் பேசமாட்டார்கள் என்று தெரியும். வெறும் மண்தானே என்று சொல்லிப் பார்த்தாள். ஆமாம், வெறும் மண்தான். அந்த மண் யார் பக்கத்தில் என்பதுதான் கேள்வி.

"எக்கா, இன்னும் சேலை மாத்தலியா!" ரூபாவதி கொல்லைப்பக்கமாகவே வந்துவிட்டாள், தலையில் பிச்சிப்பூ, கையில் வேதப்புத்தகப் பை. பின்னாலேயே இரண்டாம் மணி. அதைக் கேட்டதும் நேசபாய்க்கு எழுந்திருக்க வேண்டும்போல இருந்தது, இரண்டாம் மணிக்கு எழுந்து கிளம்பியே பழகின உடம்பு. "நீ போ, ரூபி." "நல்லாயிருக்கே. நான் எங்க போவ? இந்த லேஅவுட்டுல அத்தனை பொம்பளைகளும் சேலையக் கட்டிட்டு வாசல்ல நிக்கி, நேசபாயக்கா எந்தப் பக்கம் திரும்புதான்னு பாத்துட்டு. நீங்க குடோன் பக்கம் திரும்புனா குடோனு, கோயில் பக்கம் திரும்புனா பஸ் ஸ்டாப்பு. எங்க வீட்டுக்காரரு சொல்லுதாரு, பேசாம அக்கா வீட்டு மேல தெசை காட்டுத காத்தாடி ஒண்ணு வச்சிருவோம்னு." நேசபாய் சிரித்துவிட்டாள். ரூபாவதியும் சிரித்துக்கொண்டே குனிந்து முறத்தைப் பார்த்தாள். "என்னக்கா இது, கைப்பிடி அரிசியா? ஏ ஆத்தா, இம்புட்டு வண்டு! ஆண்டவருக்குப் போட்டதுலயா?" "கொடுக்காம வச்சிருந்தேம்மா." "கொடுத்திருந்தா பிள்ளைகளாவது தின்னிருக்கும்" என்றாள் ரூபாவதி, குற்றம் சொல்லவில்லை, புளி ஊறவைக்க மறந்துபோன மாதிரி ஒரு பேச்சு, சொல்லிவிட்டு முறத்தை வாங்கி நாலு தட்டுத் தட்டினாள். அவள் தட்டில் வண்டு இன்னும் நன்றாக ஒதுங்கிற்று. நேசபாய் வெறுங்கையோடு படியில் உட்கார்ந்திருந்தாள். விடுதியில் அந்தப் பிள்ளைகள் இந்த மாதங்களில் என்ன சாப்பிட்டிருக்கும். மற்றவர்கள் கொடுத்திருப்பார்கள், பட்டினி கிடந்திருக்காது. ஆனால் நான் எந்தப் பக்கமும் சேராமல் நல்லவளாக இருக்கிறேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாளே, அந்த நாளெல்லாம் ஒரு பக்கம் இந்த வேலை நடந்துகொண்டிருந்திருக்கிறது, மூடின தட்டுக்குக் கீழே, சத்தமில்லாமல். எழுந்தாள். முழங்கால் வலித்தது, அவள் சொல்லிக்கொண்டு திரிந்த அளவுக்கு இல்லை. நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலையைக் கட்டினாள், புடைத்த அரிசியை ஒரு துணிப்பையில் கொட்டி வாயைக் கட்டினாள். "இதை அங்க எதுக்கு? அண்டா இருக்கோ என்னமோ. அவங்கல்லாம் போன்லயே காணிக்கை போடுத ஆளுங்க" என்றாள் ரூபாவதி. "இருக்கிற இடத்துல வைப்போம்."

தெருமுனையில் இடப்பக்கம் பஸ் ஸ்டாப், வலப்பக்கம் குடோன். வாசல்களில் பெண்கள் நின்றார்கள், பூப்பறிக்கிற மாதிரியும் கோலமில்லாத வாசலைக் கூட்டுகிற மாதிரியும். அவள் வலப்பக்கம் திரும்பினாள். பின்னால் கேட்டுகள் திறக்கிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. அதில் அவளுக்குச் சந்தோஷமில்லை, பயமாகத்தான் இருந்தது, இத்தனை பேருடைய கல்லறையையும் சேர்த்து நான் இழுத்துக்கொண்டு போகிறேனோ என்று. அருமைநாயகம் இருந்தால் என்ன சொல்வார். "பிள்ளை கூப்பிட்டா போவியா, மண்ணைக் கட்டிட்டு அழுவியா" என்பார், கொஞ்சம் எரிச்சலோடுதான் சொல்வார். அல்லது அப்படிச் சொல்ல வேண்டும் என்று இவள்தான் அவர் வாயில் வைக்கிறாளோ. குடோன் ஷட்டரைத் தூக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே வெள்ளையடித்த வாடையும் சிமென்ட் வாடையும், ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் பந்தல்காரர் பேரும் நம்பரும். கோவிலில் கண் போய்த் தங்குகிற இடம் ஒன்று இருக்கும், இங்கே எங்கே பார்த்தாலும் சுவர். கீபோர்டுக்குப் பின்னால் ஜாஸ்பர் நின்றான். அவளைப் பார்த்துவிட்டான், சிரிக்கவில்லை, ஆனால் வாசித்துக்கொண்டிருந்த கையில் ஒரு கட்டை தப்பாக விழுந்தது. அரிசிப் பையை ஆராதனை மேஜைக்கு முன்னால் தரையில் வைத்தாள். ஷைனி ஓடிவந்து, "உள்ள வச்சிரட்டுமா அத்தே?" என்றாள். "அங்கயே இருக்கட்டும்மா, நாளைக்கு விடுதிக்குக் கொடுத்தனுப்பு." பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்தாள். நாற்காலி ஆடிற்று. பாட்டு பாடினார்கள், தெரிந்த பாட்டுதான், மேலே தகரக்கூரை என்பதால் குரலெல்லாம் போய் முட்டித் திரும்பி வந்தது. பாட்டு முடிந்ததும் வில்சன் மைக்கைப் பிடித்தான். "நம்ம சபையோட முதல் ஆரம்ப ஜெபத்தை, நம்ம எல்லாருக்கும் தாயார் மாதிரி இருக்கிற நேசபாய் அம்மா ஏறெடுப்பாங்க."

அவளிடம் யாரும் முன்னால் சொல்லவில்லை. ஆண்களும் பெண்களுமாக உட்கார்ந்திருக்கிற சபையில் அவள் வாய்விட்டு ஜெபித்ததே இல்லை. எழுந்து முன்நாற்காலி இல்லாததால் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் நின்றாள், முக்காட்டை இழுத்துவிட்டுக் கண்ணை மூடினாள். மூடினதும் குடோன் போய்விட்டது, விடியற்காலையில் கட்டிலோரம் முழந்தாளிடுகிற இருட்டு வந்தது, நாக்கு தன் வழியில் போக ஆரம்பித்தது. காலையைத் தந்ததற்கு ஸ்தோத்திரம், சுகம் தந்ததற்கு ஸ்தோத்திரம், பிள்ளைகளுக்காக, பேரப்பிள்ளைகளுக்காக, வியாதிப்பட்டவர்களுக்காக, பிரயாணத்தில் இருக்கிறவர்களுக்காக. வருஷக்கணக்காக ஒரே வரிசை, ஒரு பேர் முடிந்தால் அடுத்த பேர் தானாக வரும். "சபையை நடத்துகிற உம்முடைய ஊழியருக்காக, சபைச் செயலர் பிரகாசம் அண்ணாச்சிக்காக" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது, தகரத்தில் முட்டித் திரும்பி வந்து விழுந்தது. எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அவள் நின்றுபோனாள். தப்பு. இந்தச் சபைக்குச் செயலர் வில்சன். தெரியாமல் வந்துவிட்டது என்று திருத்திச் சொல்லலாம், வயசானவள், பழக்கம், எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள், வில்சன்கூடச் சிரித்துக்கொள்வான். ஆனால் ஜெபத்தில் ஒருத்தர் பேரைச் சொல்லிவிட்டு அதை எப்படித் திரும்ப வாங்குவது, ஆண்டவரே, இதை விட்டுவிடும், அந்த மனுஷனை ஆசீர்வதிக்க வேண்டாம் என்றா. குழிக்குள் நின்று தண்ணீர் இறைத்தவரை. மகன் கீபோர்டுக்குப் பின்னால் நிற்கிறான், அவனை அவள் பார்க்கவில்லை, பார்க்காமலே அவன் தாடை இறுகுவது தெரிந்தது. எத்தனை நாள் உழைப்பு, முதல் நாள், முதல் ஜெபம், அதில் போய் அந்தப் பேர். அடித்த மாதிரிதான் இருக்கும் அவனுக்கு. "பிரகாசம் அண்ணாச்சிக்காக" என்று மறுபடியும் சொன்னாள், இந்தத் தடவை நாக்கு சொல்லவில்லை, அவள் சொன்னாள். "அங்கே பாட்டு நடத்துகிற ஸ்டீபனுக்காகவும், ஸ்டீபனைப் பெற்றவளுக்காகவும். நாங்கள் அவர்கள் மனசை நோகப்பண்ணியிருக்கிறோம், அவர்களும் எங்களை நோகப்பண்ணினார்கள். நாங்கள் கோபத்தோடு இங்கே வந்திருக்கிறோம் ஆண்டவரே, உமக்குத் தெரியும். அது உமக்குத் தெரியாது என்கிற மாதிரி எங்களால் ஆராதனை நடத்த முடியாது. எங்களைச் சேர்த்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் பிதாவே."

இதற்குச் சபை ஆமென் சொல்ல வேண்டும். ஜெபிக்கிறவர் முடித்த மூச்சிலேயே அது வரும், வராமல் அவள் கேட்டதே இல்லை. வரவில்லை. ஃபேன் ஓடிற்று. பைபாஸில் ஒரு லாரி ஏறி இறங்கிப் போனது. அவள் கண்ணைத் திறக்கவில்லை, ஆமென் இல்லாமல் திறந்தால் ஜெபம் பாதியில் நிற்கும், நிற்கட்டும் என்று உட்கார அவளால் முடியாது. முழங்கால் இப்போது உண்மையாகவே வலித்தது. அங்கே பேரை எடுத்துவிடுவார்கள், இங்கேயும் யாரும் சேர்த்துக்கொள்ளாமல் போகலாம், அப்படியென்றால் எங்கே என்று ஒரு நினைப்பு வந்தது, அதுவும் போயிற்று, நிற்பது ஒன்றுதான் மிச்சம். ரூபாவதி மூக்கை உறிஞ்சினாள். யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு மைக் இல்லாமல், சுதி இல்லாமல், கீபோர்டுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆமென் வந்தது. பாடுகிற குரலில்லை, தட்டைக் கழுவி வைத்த அன்றைக்கு ஒரு வார்த்தையும் வராமல் போன தொண்டையிலிருந்து கட்டையாக வந்த குரல். அதில் கோபம் போகவில்லை, நன்றாகவே கேட்டது. இருந்தும் சொல்லிவிட்டான். அவனுக்குப் பின்னால் மற்றவர்கள் சொன்னார்கள், முன்னும் பின்னுமாக, ஒன்றுசேராமல். நேசபாய் கண்ணை மூடினபடியே கையைப் பின்னால் நீட்டி நாற்காலியைத் தேடிப் பிடித்து, மெதுவாக உட்கார்ந்தாள்.